சினைப்பைக் கட்டிகள்: எதை விடலாம், எதை விடக்கூடாது

மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணின் சினைப்பையில் மாதத்துக்கு ஒரு நீர்க்குமிழி உருவாகி உடைகிறது. கருமுட்டை முதிர்வது அதற்குள்தான். ஏறத்தாழ 2 செ.மீ. அளவுக்கு வளர்ந்ததும் குமிழி உடைந்து முட்டை வெளியே வருகிறது. உடைந்த இடம் சில நாட்கள் மஞ்சள் நிறத் திசுவாக இருந்து, ஹார்மோன் சுரந்துவிட்டுச் சுருங்கிப் போகிறது. ஏதோ ஒரு மாதம் குமிழி உடையாமல் நின்று 3 செ.மீ.யைத் தாண்டி, அந்தச் சமயம் பார்த்து வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுத்தால், அறிக்கையில் 'சிஸ்ட்' என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த வரியோடு வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அன்று இரவு தூக்கம் போகும். பக்கத்து வீட்டு அக்கா 'கட்டியா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். மறுநாள் காலையில் குடும்பமே புற்றுநோய் வரை போய்த் திரும்பியிருக்கும்.

மைசூருவில் இப்படிக் காகிதத்தோடு அலைகிறவர்களைக் காண செலுவாம்பா மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனால் போதும். 1924இல் பெங்களூரில் தொடங்கி 1930இல் மைசூருக்கு இடம்பெயர்ந்த அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகளிர், குழந்தைகள் மருத்துவமனை அது. மண்டியா, சாமராஜநகர், குடகுப் பெண்கள் மட்டுமல்ல. தாளவாடி மலையிலிருந்தும் கூடலூரிலிருந்தும் மைசூருவுக்கு வைத்தியம் பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், டாக்டர் கன்னடத்தில் சொல்வார், வீட்டில் மாமியாருக்குத் தமிழில் விளக்கியாக வேண்டும். இந்த மூன்று படி இறங்குவதற்குள் சொன்னதில் பாதி கரைந்துவிடும். பயம் மட்டும் முழுசாக வந்து சேரும்.

இத்துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் சேர்ந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெரும்பாலான சினைப்பைக் கட்டிகளுக்குக் காத்திருப்பதே வைத்தியம். சிலவற்றில் காத்திருப்பதே ஆபத்து. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. பயமும் பணமும் புகுந்துகொள்வதும் அதே இடத்தில்தான்.

முதலில் விட்டுவிடக்கூடியவை. மேலே சொன்ன உடையாத குமிழியும், முட்டை வெளியேறிய பின் நீரோ இரத்தமோ தேங்கி நிற்கும் கட்டியும் உடலின் அன்றாட வேலையில் விளைபவை. ஸ்கேனில் மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீருமாகத் தெரிந்தால் அதை எளிய கட்டி என்பார்கள். இரண்டு மூன்று மாதவிலக்குச் சுழற்சிகளுக்குள் இவற்றில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு 5 செ.மீ.க்குக் குறைந்த எளிய கட்டி இருந்தால் மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 செ.மீ. வரை ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன். அதற்கு மேல் போனால் எம்ஆர்ஐயோ அறுவையோ யோசிக்க வேண்டும்.

இது மேம்போக்கான துணிச்சல் அல்ல. அமெரிக்காவில் 72,000க்கும் மேற்பட்ட பெண்களின் ஸ்கேன்களைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எளிய கட்டி இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களிலும் நூற்றுக்கு 13 பேருக்கு இருந்தது. இத்தனை பேரில் எளிய கட்டியோடு இருந்து மூன்றாண்டுக்குள் சினைப்பைப் புற்றுநோய் கண்டது ஒரே ஒருவருக்கு. அதே ஆண்டு ஐரோப்பிய மருத்துவர்களின் 'ஐயோட்டா' குழு இன்னொரு கணக்கைத் தந்தது. ஸ்கேனில் தீங்கற்றது என்று தோன்றிய கட்டிகளை அறுக்காமல் விட்டு, 1,919 பெண்களை இரண்டாண்டு கவனித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு கட்டிகள் தாமாகக் கரைந்தன. பரவும் புற்றுநோயாக முடிந்தவை நூற்றுக்கு 0.4. கட்டி முறுக்கிக்கொண்டதும் அதே 0.4, உடைந்தது 0.2. 'எதற்கு ரிஸ்க், எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், எடுப்பதிலும் ரிஸ்க் உண்டு என்பதை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, காத்திருக்கும்போது மாத்திரை ஏதாவது? கட்டியைக் கரைக்க என்று கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுப்பது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். காக்ரேன் தொகுப்பாய்வு இதை ஆராய்ந்து, மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டி மறையும் வேகம் ஒன்றுதான் என்று கண்டது. புதிய கட்டிகள் வருவதை மாத்திரை ஓரளவு தடுக்கலாம், இருப்பதைக் கரைக்காது. மைசூருவில் 1908இலேயே தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளுக்கும் குறைவில்லை. கஷாயம் குடித்தேன், இரண்டு மாதத்தில் கட்டி காணாமல் போனது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. கட்டி போனது உண்மை. குடிக்காவிட்டாலும் அது போயிருக்கும் என்பதும் உண்மை. தானாக மறையும் நோய்க்கு எந்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைக்கும். அலோபதி மாத்திரைக்கும் இதே கதைதான். கஷாயத்தில் கெடுதல் பெரும்பாலும் வேறு விதத்தில் வருகிறது: டெர்மாய்டு போன்று தானாக மறையாத கட்டியை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பொடி கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பது.

இங்கே ஒரு குழப்பத்தை அவிழ்க்காமல் மேலே போக முடியாது. பிசிஓடி என்றும் பிசிஓஎஸ் என்றும் சொல்லப்படுவதையும் தமிழில் நீர்க்கட்டி என்றே அழைக்கிறோம். அது வேறு, இது வேறு. 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த அந்தக் கோளாறில் சினைப்பையில் தெரிவது கட்டிகளே அல்ல. பாதியில் வளர்ச்சி நின்ற சின்னஞ்சிறு கருமுட்டைப் பைகள். அவை வெடிக்காது, முறுக்காது, அறுத்தெடுக்கவும் வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு, எடை, பிற்காலச் சர்க்கரை நோய் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்று 2023இன் பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நல்ல சினைப்பையே அப்படித்தான் தெரியும். பதினைந்து வயதுப் பெண்ணை ஸ்கேன் அறையிலிருந்து 'பிசிஓடி பேஷன்ட்' ஆக்கி அனுப்புவது, என் பார்வையில், மருத்துவம் அல்ல, முத்திரை குத்தல்.

பிசிஓஎஸ்ஸின் வேரில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமை இருக்கிறது என்பதால், மைசூருவுக்கு இந்த விவகாரத்தில் ஒரு தனி இடமும் உண்டு. மண்டி மொஹல்லாவில் 1906இல் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவை மருத்துவச்சிகள் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து டேவிட் பார்க்கர், கரோலின் ஃபால் ஆகியோரின் குழு அந்தப் பதிவேடுகளை வைத்து, அப்போது பிறந்து ஊரிலேயே வாழ்ந்தவர்களைத் தேடிப்பிடித்தது. 1934க்கும் 1954க்கும் இடையில் பிறந்த 517 பேரைப் பற்றிய இதய நோய் ஆய்வு 1996இல் 'லான்செட்' இதழில் வந்தது. சர்க்கரை நோய் பற்றிய ஆய்வும் தொடர்ந்தது. 1997–98இல் கர்ப்பிணிகளிடமிருந்து 'பார்த்தினான்' என்ற புதிய ஆய்வுத் தொடரும் தொடங்கியது. சினைப்பைக் கட்டிக்காகச் செய்த ஆய்வுகள் அல்ல இவை. ஆனால் நம் பெண்களின் இன்சுலின் கோளாறு ஸ்கேன் எடுத்த அன்று தொடங்கியதல்ல, கருவறையிலேயே அதற்கு அடி போடப்படுகிறது என்று உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் மைசூருவும் ஒன்று. பிசிஓஎஸ் உள்ள பெண்ணிடம் 'வாயைக் கட்டு' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இனி விடக்கூடாதவை.

டெர்மாய்டு கட்டி இளம் பெண்களுக்கு அதிகம் வருவது. உள்ளே கொழுப்பும் முடியும், சில சமயம் பல்லும் இருக்கும். கருமுட்டைச் செல்லுக்கு எந்தத் திசுவாகவும் மாறும் திறன் இருப்பதால் இப்படி. செய்வினைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு இரண்டு பக்கமும் வரும். புற்றாக மாறுவது மிக அரிது. ஆனால் தானாக மறையாது. கனமாக இருப்பதால் சினைப்பையோடு முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

அந்த முறுக்கல்தான் இத்தனையிலும் உண்மையான அவசரம். சினைப்பை தன் காம்பில் திருகிக்கொள்ள, இரத்த ஓட்டம் நிற்கிறது. திடீரென்று ஒரு பக்கம் அடிவயிற்றில் கொல்லும் வலி, கூடவே வாந்தி. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியட்டும் என்று காத்திருந்தால் சினைப்பை போய்விடும். சரியான நேரத்தில் லேப்ராஸ்கோப்பி செய்து முறுக்கை அவிழ்த்தால், கறுத்துப்போன சினைப்பைகூடப் பெரும்பாலும் உயிர் பெறும். கறுப்பாக இருக்கிறது என்பதற்காகவே வெட்டியெடுக்கும் பழைய வழக்கம் இப்போது தவறாகக் கருதப்படுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு இப்படி வலி வந்தால், கருக்குழாயில் தங்கிய கருவா என்று முதலில் பார்க்க வேண்டும். அது உயிரையே எடுத்துவிடும்.

சாக்லேட் கட்டி வேறு வகைத் தொந்தரவு. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் இரத்தம் கசிந்து, பழுப்பு நிறக் குழம்பாகத் தேங்குகிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்ற இந்நோய் உலகில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இருக்கிறது. தூரமான நாட்களில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் 'எங்களுக்கெல்லாம் வலிக்கலையா, கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று சொல்லியே நோயறிதலை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். இதில் அறுவை முடிவு எளிதல்ல. கட்டியை உரித்தெடுக்கும்போது அதை ஒட்டிய நல்ல முட்டைகளும் போகும். எடுத்தபின் திரும்பி வரவும் வரும். குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர், அறுவைக்கு முன் ஏஎம்ஹெச் பரிசோதனை செய்து, முட்டை இருப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

பிறகு எல்லோரும் பயப்படும் புற்றுநோய். 2022இல் இந்தியாவில் சுமார் 47,000 பெண்களுக்குச் சினைப்பைப் புற்று கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. இங்கே ஸ்கேனில் பார்ப்பது அளவை மட்டுமல்ல. கட்டிக்குள் திடப்பகுதி உண்டா, சுவரில் புடைப்புகள் உண்டா, அதில் இரத்த ஓட்டம் அதிகமா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பவற்றை. சிறிய கட்டி சந்தேகத்துக்குரியதாக இருக்கலாம். தேங்காய் அளவுக் கட்டி தீங்கற்றதாக இருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குத் திடப்பகுதியோடு வரும் கட்டி, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பக, சினைப்பைப் புற்று இருந்த குடும்பம், வாரக்கணக்கில் விடாத வயிற்று உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைவது: இவை இருந்தால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம்தான் போக வேண்டும். மைசூருவிலேயே புற்றுநோய் மருத்துவமனை உண்டு. பெங்களூரில் 1973 முதல் இயங்கும் கித்வாய் நிலையமும் இருக்கிறது. முதல் அறுவையே சரியானவர் கையில் நடப்பது இந்நோயில் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 35க்கு மேல் போனால் சிவப்பு மையில் அச்சாகி வரும். சாக்லேட் கட்டியிலும், கருப்பை நார்க்கட்டியிலும், கர்ப்பத்திலும், ஏன், மாதவிலக்கு நாட்களிலும் அது ஏறும். நம் நாட்டில் இன்னொரு பெரிய காரணம் வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், எடை குறைவு, சினைப்பைப் பக்கம் கட்டி, சிஏ-125 நூற்றுக்கணக்கில் என்று அப்படியே முற்றிய புற்றுநோய் போல வந்து நிற்கும். திசுவை எடுத்துப் பார்த்தால் காசநோய், ஆறு மாத மாத்திரையில் குணமாகக்கூடியது. அதனால் திசுப் பரிசோதனை இல்லாமல் யாருக்கும் புற்றுநோய் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு 'முழு உடல் பரிசோதனைத் திட்டம்' என்று இந்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் சேர்த்து விற்பது இன்னும் மோசம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்த ஆய்வில் இதைச் சோதித்து 2021இல் முடிவு சொன்னார்கள்: சினைப்பைப் புற்றால் இறப்பவர் எண்ணிக்கை குறையவில்லை.

இந்தப் பயத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்கு கர்நாடகத்திலேயே சான்று இருக்கிறது. கலபுரகி மாவட்டத்தில் வயிற்றுவலி, இடுப்புவலி, வெள்ளைப்படுதல் என்று போன ஏழைப் பெண்களிடம், பெரும்பாலும் லம்பாணி, தலித் பெண்களிடம், 'விட்டால் கேன்சர் ஆகிவிடும்' என்று சொல்லிக் கருப்பையையே எடுத்த விவகாரம் 2015இல் வெடித்தது. பாதிக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல் என்று புகார்கள் எழுந்தன. சுகாதாரத் துறையின் விசாரணையில் தேவையற்ற அறுவைகள் நடந்தது தெரியவந்து, சில தனியார் மருத்துவமனைகளின் உரிமத்தை ரத்து செய்ய உத்தரவானது. பெண்கள் அமைப்புகள் அதற்குப் பிறகும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்தவற்றுக்காக மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2015–16இல் முதல்முறையாக இதைப் பற்றிக் கேட்டபோது, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. மூன்றில் இரண்டு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில். காரணம் கேட்டால் சுமார் ஐந்தில் ஒருவர் சொன்னது 'நார்க்கட்டி, நீர்க்கட்டி'.

நீர்க்கட்டிக்கு எதற்குக் கருப்பை? கட்டி இருப்பது சினைப்பையில். அங்கேயும் கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையை விட்டுவைக்க முடிகிற இடங்களே அதிகம். இரு சினைப்பைகளையும் இளம் வயதில் எடுத்துவிட்டால் மறுநாளிலிருந்தே மாதவிலக்கு நின்ற உடம்புதான்: உடம்பு கொதிப்பு, எலும்புத் தேய்மானம், பின்னால் இதய நோய். அமெரிக்கச் செவிலியர்கள் 29,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கருப்பையோடு இரு சினைப்பைகளையும் இழந்தவர்களிடையே மொத்த இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. சினைப்பைப் புற்று குறைந்ததுதான். அந்த லாபத்தை மற்ற நோய்கள் விழுங்கிவிட்டன.

அறுவை தேவைப்பட்டால் அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. 1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண் சுமார் 10 கிலோ சினைப்பைக் கட்டியோடு குதிரையில் அறுபது மைல் வந்து, எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவரிடம் வயிற்றைக் கொடுத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம், இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று அதே வேலையைப் பெரும்பாலும் சில சிறு துளைகள் வழியாகச் செய்து, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மணமாகாத பெண்ணுக்குத் தழும்பு விழுமே, வரன் தட்டிப்போகுமே என்று டெர்மாய்டை மறைத்து வைக்கும் பெற்றோர் உண்டு. தழும்பு நகக்கண் அளவுதான். ஒரு சினைப்பையை இழக்க நேர்ந்தாலும் மற்றொன்று இருந்தால் குழந்தை பெற முடியும்.

கையில் அறிக்கை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. எளிய கட்டியா, உள்ளே திடப்பகுதி இருக்கிறதா? எத்தனை செ.மீ.? மாதவிலக்கின் எந்த நாளில் எடுத்த ஸ்கேன்? மறு ஸ்கேன் எப்போது? மறு ஸ்கேனைத் தூரம் முடிந்த கையோடு எடுப்பது நல்லது. அப்போதுதான் அந்த மாதத்துப் புதுக் குமிழி குழப்பாது. கர்ப்பத்தின் தொடக்க ஸ்கேனில் தெரியும் கட்டி நான்காம் மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்காகக் கருவைக் கலைக்க நினைக்க வேண்டாம். லேசான வலிக்கு வெந்நீர்ப் பையும் டாக்டர் எழுதிய வலி மாத்திரையும் போதும். தாங்க முடியாத வலி, வாந்தி, மயக்கம், காய்ச்சல் இருந்தால் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பழைய அறிக்கைகளை எறியாதீர்கள். கட்டி வளர்கிறதா என்பதை அவை மட்டுமே சொல்லும்.

எளிய கட்டிக்குக் கருப்பையை எடுக்க வேண்டும் என்று யாராவது நாள் குறித்துக்கொடுத்தால், அந்த ஒப்புதல் படிவத்தில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். கட்டி எளியது என்றால் ஒரு வாரம் தள்ளிப்போவதால் எதுவும் கெடாது. அறிக்கையை எடுத்துக்கொண்டு செலுவாம்பாவோ உங்கள் ஊரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போய், இரண்டாவது கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.